கழுவாத கரட்டுக்காகப் பட்டிப்பொல வரை

இந்த ஜனவரியில் மூன்று நாள் செலவழித்து, தென்கரையில் உள்ள காலியிலிருந்து மலைநாட்டுப் பட்டிப்பொலவுக்குப் போய், ஒரு சின்ன லொறியில் மரக்கறியோடு திரும்பினேன். போக வர ஐந்நூற்று எண்பது கிலோமீற்றர். பாய்ப்படகில் கடை கண்ணி இல்லாத தீவுகளுக்குப் போக நினைக்கிற தமிழர்கள் இப்போது அங்கொருவர் இங்கொருவராக எனக்கு எழுதுகிறார்கள். "காலிச் சந்தையிலேயே எல்லாம் கிடைக்குமே, எதற்காக நுவரெலியாவுக்கு மேலே போக வேண்டும்?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவன். வயது அறுபத்தேழு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இருபத்தாறு வயதில் கொழும்பில் ஒரு சரக்குக் கப்பலின் சமையலறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். இங்கிலிஷ் படித்தது டின்களில் ஒட்டியிருந்த கடதாசியைப் பார்த்து. சமையல் படித்தது சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து. எந்தக் காய் எத்தனை நாள் தாங்கியது, எங்கே வைத்தது, எப்படி அழுகியது என்று பதினொரு கொப்பி எழுதி வைத்திருக்கிறேன். சேர்ட்டிபிக்கட் மட்டும் இல்லை. அதை வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது எனக்கு ஞாபகப்படுத்தாமல் விட்டதில்லை.

இப்போது நான் வேலை செய்வது நாற்பத்திரண்டு அடிப் பாய்ப்படகொன்றில். சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தவர். அவுஸ்திரேலியாவில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரை எழுதினால் கோபிப்பார், ஆகவே இஞ்சினியர் ஐயா என்றே சொல்கிறேன். அவர், அவருடைய மனைவி, நான் என்று படகில் மூன்று பேர்.

முந்தின வருடம் மாலைதீவின் வடக்குப் பக்கம் போனபோது மரக்கறி முழுவதையும் அவரே ஒரு ஏஜன்ட் மூலமாக வாங்கினார். குளிரறையிலிருந்து வந்த பளபளப்பான சாமான். இதை ஏற்ற வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். ஒன்பதாம் நாள் கரட் கொழகொழத்தது. பன்னிரண்டாம் நாள் கோவா, அதாவது முட்டைக்கோசு, நாறி, மூட்டையோடு கடலில் போட்டோம். மிச்சம் மூன்று கிழமையும் சோறும் டின்மீனும்தான். பழி யாருக்கு வந்தது என்று கேட்கத் தேவையில்லை. "நீங்கள் ஒழுங்கா அடுக்கேல்ல" என்றார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

இந்த முறை திட்டம் பெரியது. காலியிலிருந்து மாலைதீவின் தென்கோடியில் உள்ள அட்டுவுக்கு ஆறு நாள் ஓட்டம். அங்கே குடிவரவில் பதிந்துவிட்டு, வடக்கே ஆளில்லாத சின்னத் தீவுகளுக்குள் ஐந்து கிழமைக்கு மேல். பிறகு மறுபடி அட்டு. ஆக மொத்தம் நாற்பத்தைந்து நாள். இடையில் கடை உள்ள தீவு ஒன்றிரண்டு உண்டு, ஆனால் அங்கே கிடைப்பது பால்மாவும் பிஸ்கட்டும் டின்மீனும். டிசம்பர் கடைசியில் இஞ்சினியர் ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த முறை முழுக்க உங்கட பொறுப்பு. எங்க வேணுமெண்டாலும் போய் எடுங்கோ. ஆனா பழுதாப் போனா, அட்டுவில பிளேன் ஏறி நீங்கள் வீட்ட போறியள். அங்க ஒரு ஆளைச் சொல்லி வைச்சிருக்கிறன். படிச்ச குக்."

"சரி" என்றேன்.

"ரெண்டு நாள் யோசிச்சுப் போட்டுச் சொல்லுங்கோ."

"யோசிச்சிட்டேன்."

யோசிக்க ஒன்றுமில்லை. அறுபத்தேழு வயதில் இந்தப் படகிலிருந்து இறங்கினால் இன்னொரு படகில் என்னை ஏற்றப் போவது யார்? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். படகில் மரக்கறியைக் கெடுப்பது வெயிலைவிட ஈரம்தான். குளிரறையில் இருந்துவிட்டு வந்த காய் வெளிச்சூட்டில் வியர்க்கும், வியர்த்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் படகில் குளிர்ப்பெட்டி ஒரு வாளியளவுதான். ஒரு தடவை குளிரூட்டிய காயை அதற்குப் பிறகும் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், அதற்கு இடமில்லை. கழுவிய கரட் இன்னும் மோசம். நுவரெலியாக் கரட்டை மலையிறங்கும் முன்பே உருளை மெசினில் போட்டுக் கழுவுகிறார்கள். உருளும்போது மேல்தோல் உரசிப் போகிறது. பார்க்க அழகு, ஆனால் கவசம் கழன்ற காய் அது. இலங்கையில் எந்தச் சந்தைக்குப் போனாலும் கிடைப்பது அந்தக் கரட்தான். மண்ணோடு வேண்டுமென்றால் மண் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

என் தங்கச்சி பாக்கியம் பட்டிப்பொலவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். புருஷன் காலமாகிவிட்டார். மகள் கலா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கர் அளவில் மரக்கறி போடுகிறார்கள். பத்து நாளைக்கு முன்பே போனில் சொன்னேன்: கரட் இருபத்தைந்து கிலோ, கோவா இருபத்து நான்கு, உருளைக்கிழங்கு முப்பது கிலோ, பீட்ரூட் பதினைந்து கிலோ, லீக்ஸ் ஐந்து கிலோ. எதையும் கழுவக் கூடாது. கோவாவின் வெளி இலையை உரிக்கக் கூடாது, தண்டை ஒட்ட வெட்டக் கூடாது. "சரிங்கண்ணே" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் "சரிங்கண்ணே."

திங்கட்கிழமை காலை 4.45க்குக் காலியில் அதிவேகப் பாதை பஸ் ஏறினேன். ஒன்றரை மணித்தியாலத்தில் கொழும்புக்கு வெளியே இறக்கிவிட்டது. அங்கிருந்து புறக்கோட்டை போய், 7.30க்கு ஹட்டன் பஸ். சாதாரண பஸ், 480 ரூபா. கிதுல்கலையில் பதினைந்து நிமிடம் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். கினிகத்தேனைக்கு மேலே காது அடைக்கத் தொடங்கியது. இடது பக்க யன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். 12.10க்கு ஹட்டன்.

ஹட்டனில் இரண்டு வேலை. ஒன்று தேயிலை, மூன்று கிலோ. கண்ணாடித்தாள் ஒட்டிய அழகான பெட்டிகளில் வாங்காதீர்கள், அட்டைப்பெட்டி படகுக்குள் வரவே கூடாது. கரப்பான் முட்டை அட்டையின் மடிப்புக்குள்தான் இருக்கும். தூள் தேயிலையை எடைக்கு வாங்கி, மூடி முறுக்கும் போத்தலில் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வேலை, பழைய பத்திரிகை. படகுக்கு என்று சொல்லிப் பன்னிரண்டு கிலோ கேட்டேன். கடைக்காரர் தராசில் கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார்.

"கடல்ல போய் வாசிக்கவா ஐயா? எல்லாம் போன வருசத்து செய்திங்க."

"கோவாவுக்குச் சட்ட போட."

"அப்ப வெளையாட்டுப் பக்கமா பாத்துத் தர்றேன். கோவாவும் கொஞ்சம் சந்தோசமா இருக்கட்டும்."

பன்னிரண்டு கிலோவுக்குப் பதில் பதின்மூன்று கிலோ வைத்துவிட்டார். 2.15க்கு நுவரெலியா பஸ். தலவாக்கலை, நானுஓயா வழியாக நாற்பத்தைந்து கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். நுவரெலியாவில் பிளாஸ்டிக் கூடை பதினாறு வாங்கினேன். மரக்கறியைச் சாக்கில் கட்டாதீர்கள், அமுங்கிய காய் அழுகுவது நிச்சயம். லொறிக்கும் அங்கேயே பேசினேன். சாரதி சுனில், சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுகிறார். பட்டிப்பொலவிலிருந்து காலித் துறைமுகம் வரை 42,000 ரூபா. செவ்வாய் நண்பகல் 12.30க்குப் பட்டிப்பொல வருவதாகப் பேச்சு. ஒரு சின்ன விடுதியில் 3,500 ரூபாவுக்கு அறை. போர்வை இரண்டு கேட்டு வாங்குங்கள்.

செவ்வாய் காலை 7.15க்கு பஸ், அம்பேவெல வழியாக. கூடைகளைக் கூரைமேல் கட்ட கொண்டக்டர் 300 ரூபா தனியாக வாங்கினார். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய வெறுங்கூடைக்கு எதற்கு முந்நூறு என்று கேட்டேன். அவர் டிக்கட்டைக் கிழித்துக்கொண்டு முன்னால் போனார். நானும் கேட்பதை நிறுத்தவில்லை. பட்டிப்பொலவில் இறங்கும்போது ஐம்பது ரூபாவைத் திருப்பித் தந்தார். புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. லயத்துக்குப் போகும்போது எட்டே முக்கால்.

வாசலில் நீல டென்ட் துணி விரித்திருந்தது. அதன்மேல் கரட். ஒவ்வொன்றும் பளிச்சென்று, வால் நுனி நறுக்கி, ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருந்தது. அடுத்த வரிசையில் உருளைக்கிழங்கு, ஒரு பொட்டு மண் இல்லாமல். பீட்ரூட்டும் அப்படியே. கோவா இருபத்து நான்கும் வெளி இலை முழுவதும் உரித்து, தண்டை ஒட்ட வெட்டி, வெள்ளை வெளேரென்று மொட்டைத் தலை மாதிரி உட்கார்ந்திருந்தன. பாக்கியம், கலா, லயத்துப் பெண்கள் ஆறு பேர், காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையாக நின்றார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"யாரு கழுவச் சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்?" என்றாள் பாக்கியம். "அண்ணன் கேட்டு மண்ணோடயா குடுத்து அனுப்புறது? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"போன்ல ரெண்டு தடவ சொன்னேனே."

"சொன்னீங்க. நமக்கு வேல வைக்கக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? நீங்க எப்பவும் அப்படித்தானே. வீட்டுக்கு வந்தா சாப்பாடு வேணாம்பீங்க. போட்டா மூணு வாட்டி வாங்கித் திம்பீங்க."

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இதுல ஒரு கரட்டும் ஏத்த மாட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. பாக்கியம் உள்ளே போய்விட்டாள். லயத்தில் அடுத்த அறை, அடுத்த காம்பிரா, மாரியாயி அக்கா, எழுபது வயது இருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கப்பல் தொரை வந்துட்டாரு பாருங்கடி. நேத்து இந்தப் புள்ளைங்க அரைப் பேரோட மலையிலருந்து எறங்கி வந்து கழுவுச்சுங்க. பாதி நாள் சம்பளம் போச்சு. ஆத்துத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? கலா, கையக் காட்டு உங்க மாமனுக்கு."

"வேணாம் பெரியம்மா" என்றாள் கலா. ஆனால் நான் பார்த்துவிட்டேன். விரல் நுனியெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. கொழுந்துக் கறை படிந்த வெடிப்புகள் ஏற்கெனவே இருந்தவை. அவற்றின் மேல் புதிது.

அந்த இடத்தில் எந்த நல்ல மனிதனும் இரண்டு கூடையாவது ஏற்றிக்கொண்டு போயிருப்பான். கீழே போய் வழியில் எங்காவது விற்றிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அந்தக் கெட்டித்தனம் வராது. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். கோபம் எனக்கும் இருந்தது. இரண்டு தடவை சொன்னேன் என்ற கோபம். ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது, எதைச் செய்யக் கூடாது என்றுதான் சொன்னேனே தவிர, ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது புரிந்தது. சொல்லாததற்குக் காரணமும் எனக்குத் தெரியும். வீட்டில் நான் கப்பலில் பெரிய ஆள். என்னைக் கேட்காமல் கப்பல் நகராது என்று நாற்பது வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்ப வைத்தவன் நான்.

"பாக்கியம், வெளிய வா" என்றேன். வந்து நிலையில் நின்றாள். "இந்த மரக்கறி வழியில அழுகுனா என்னப் படகவிட்டு எறக்கிருவாங்க. ஆள் பாத்து வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் எனக்கு வேற படகு கெடைக்காது."

"யாரு எறக்குறது?"

"படகுக்காரரு."

"நீங்க சொல்றதுதான் அங்க சட்டம்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

நிலையை விட்டு இறங்கி வந்தாள். "அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் இதுகள ஆத்துல எறக்குறேன்" என்றாள். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த முள்ளை, கிழங்கு கிண்டுகிற அந்தக் கவர் இரும்பை, எடுத்தாள்.

ஆனால் அவளுடைய பாத்தியில் கரட் மிச்சமில்லை. எல்லாம் டென்ட் துணியில் கிடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. மாரியாயி அக்கா தன்னுடைய பாத்திப் பக்கம் நடந்தார். "தொரை, வாங்க. எது வேணும்னு காட்டுங்க. அப்புறம் இதுவும் சரியில்லன்னு சொல்லாதீங்க." மற்றவர்களும் அவரவர் பாத்திக்குப் போனார்கள். பதினொரு மணி வரை மண் காயட்டும் என்று நான் சொன்னபோது மட்டும் முணுமுணுத்தார்கள். ஈர மண்ணோடு பிடுங்கினால் கழுவியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பதினொன்றுக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் நான்கு பேரின் பாத்தியிலிருந்து கரட், மூன்று பேரிடமிருந்து கோவா, நீளத் தண்டோடு, வெளி இலை முழுவதும் சுற்றியபடி, பீட்ரூட்டும் லீக்ஸும் கூடச் சேர்ந்தன. கரட்டின் கீரையை மட்டும் ஒரு விரல் உயரம் விட்டுத் திருகி எடுத்தோம். கீரை இருந்தால் காயின் நீரைக் குடித்துவிடும்.

உருளைக்கிழங்கில்தான் எனக்கும் பாக்கியத்துக்கும் இன்னொரு தடவை வாக்குவாதம் வந்தது. புதிதாகக் கிண்டலாம் என்றேன். அவள் ஒரு கிழங்கைக் கிண்டி, பெருவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். தோல் உரிந்து வந்தது.

"இது ரெண்டு கெழம கூடத் தாங்காது. தோலு முத்தல்ல" என்றாள்.

"மண்ணோட இருந்தாத் தாங்கும்."

"மண்ணு என்னண்ணே செய்யும், தோலே இல்லாததுக்கு?"

என் பதினொரு கொப்பியிலும் இது இல்லை. நான் இதுவரை வாங்கிய கிழங்கெல்லாம் யாரோ ஏற்கெனவே உலர்த்தி வைத்திருந்தது, அது எனக்குத் தெரியாமலே. பாக்கியம் உள்ளே போய், கூரைக்குக் கீழே அடித்திருந்த பலகைமேல் ஏறி, சாக்கு மூடியிருந்த கிழங்கை வாளி வாளியாக இறக்கினாள். கைக்கடக்கமான கிழங்கு, காய்ந்த மண் ஒட்டியபடி, தோல் முத்தி இறுகியிருந்தது.

"இது வெதைக்கு வச்சது இல்லையா?"

"ஆமா."

"அப்ப நீ என்னத்த நடுவ?"

"அத நான் பாத்துக்குறேன். நீங்க பேசாம கூடையப் புடிங்க."

முப்பது கிலோ. கூடையைப் பிடித்தேன்.

சுனில் சொன்ன நேரத்துக்கு வந்து, இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, இது நல்ல சாமான். அது மண்ணு. நீங்க மண்ணயா ஏத்தச் சொல்றீங்க?" விஷயத்தைச் சொன்னேன். கழுவிய கரட்டைத்தான் வியாபாரிகள் தேடுவார்கள், இப்போதே நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் நல்ல விலைக்குப் போகும் என்றார். கலா அவரோடு போனாள். நான்கு மணிக்குப் போன் வந்தது, எல்லாம் விற்றாகிவிட்டது, கோவா வாங்கியவர் இவ்வளவு சுத்தமாக யார் வெட்டியது என்று கேட்டாராம். அந்தக் காசு பாத்தி கொடுத்தவர்களுக்குள் போனது. அந்த ஓட்டத்துக்குச் சுனில் வாங்கியது 3,000 ரூபா மட்டும். மண் காய்ந்து புதன் காலைதான் புறப்பட முடியும் என்றதும், அன்று இருந்த இன்னொரு ஹயரையும் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

மண்ணோடிருந்த காய்களை அன்று பின்னேரம் வீட்டுக்குள் நிழலில் பரப்பிக் காயவிட்டோம். கோவா ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள் பத்திரிகைச் சட்டை. பெண்கள் போட்டுக்கொண்டே செய்தி வாசித்தார்கள். நான் சாப்பாடு வேண்டாமென்று சொல்லவில்லை.

புதன் காலை 6.10க்குப் புறப்பட்டோம். நுவரெலியா, ஹட்டன், அவிசாவளை, பிறகு அதிவேகப் பாதை. இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். அவிசாவளைச் சூட்டைப் பதினொரு மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரம். மலையிறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் மெதுவாகப் போகச் சொன்னேன். பத்தாவது வளைவில் சுனில் கேட்டார்: "ஐயா, பின்னால இருக்கிறது கோவாவா, மாப்பிள்ளையா?" பிறகும் மெதுவாகத்தான் ஓட்டினார். 3.20க்குக் காலித் துறைமுகம்.

இஞ்சினியர் ஐயா கூடைகளைப் பார்த்தார். "என்ன இது, தோட்டத்தையே கிண்டிக்கொண்டு வந்திட்டியள்?"

"மண்ணோடதான் தாங்கும்."

"தளம் கழுவி ரெண்டு நாளும் ஆகேல்ல."

"நான் கழுவித் தர்றேன்" என்றேன். கழுவினேன். அன்று பின்னேரமே முட்டை நூற்றெண்பது, தேசிக்காய் நூற்றைம்பது, காலிப் பக்கத்துப் பூசணிக்காய் எட்டு ஏறின. வியாழக்கிழமை காலை 9.30க்கு நங்கூரம் தூக்கினோம்.

இனிக் கணக்கு, கொப்பியில் உள்ளபடி. கரட் முப்பத்தோராம் நாள் வரை பச்சையாகக் கடித்துச் சாப்பிடலாம் போல இருந்தது. நாற்பதாம் நாள் வளைந்தது, கறிக்குச் சரி. எறிந்தது நான்கே நான்கு. கோவாவில் கெட்டது ஒன்று, கடைசித் தலையை நாற்பத்து நாலாம் நாள் வறை செய்தேன். பீட்ரூட்டில் சேதமில்லை. லீக்ஸில் தோற்றேன். இறுக்கிக் கட்டியதால் பத்தாம் நாளே இரண்டு கட்டு நடுவில் அழுகியது, அது என் பிழை. உருளைக்கிழங்கில் ஒன்றுகூட அழுகவில்லை. கடைசிக் கிழமை முளைவிட்டது, முளையை ஒடித்துவிட்டுச் சமைத்தேன்.

நாற்பத்தைந்தாம் நாள் அட்டுவில் நங்கூரம் போட்டோம். மத்தியானம் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். இஞ்சினியர் ஐயா சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போனார். நான் என் பையில் உடுப்பை மடித்து வைத்துவிட்டுத்தான் இருந்தேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார்.

"அந்த ஆளுக்கு வேண்டாமெண்டு சொல்லிப் போட்டன்."

"சரி."

"உந்த உருளைக்கிழங்கு எங்க வாங்கினியள்?"

"வாங்கல்ல. குடுத்தாங்க."

போன வருடத்துக் கரட்டைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் காத்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஜனவரி, பெப்ரவரி நல்லது, மழை குறைவு, மண் காயும். மலையேற நல்லதண்ணிக்கு யாத்திரை போகிறவர்களால் சனி, ஞாயிறு ஹட்டன் பஸ்களில் நிற்கவும் இடமிருக்காது, கிழமை நாளில் போங்கள். சொந்தக்காரர் யாரும் இல்லாவிட்டால் அம்பேவெல, பட்டிப்பொல பாதையோரத்தில் பாத்தியில் வேலை செய்கிறவர்களிடம் நேரே கேளுங்கள், தருவார்கள். ஒரு நாள் அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கைப் பெருவிரலால் தள்ளிப் பாருங்கள், தோல் நகர்ந்தால் வாங்காதீர்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். லீக்ஸைக் கட்டாதீர்கள். கழுவ வேண்டாம் என்று சொல்லும்போது, ஏன் வேண்டாம் என்பதையும், கழுவினால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். எனக்கு ஒரு நாளும், மற்றவர்களுக்கு அரைநாள் சம்பளமும், கைத்தோலும் போனது அந்த வெட்கத்தால்.

அட்டுவிலிருந்து கலாவுக்குப் போன் எடுத்தேன். இந்தப் போகம் இரண்டு பாத்தியில் உருளைக்கிழங்குக்குப் பதில் போஞ்சி போட்டிருக்கிறார்களாம். விதைக்கிழங்கு போதவில்லையா என்று கேட்டேன். "அம்மா சொல்ல வேணாம்னிச்சு மாமா" என்றாள். வரும் மாதம் ஊருக்கு வந்ததும் முப்பது கிலோ விதைக்கிழங்கோடு பட்டிப்பொல ஏறுவேன், வேண்டாமென்று சொன்னாலும் இறக்கிவிட்டுத்தான் வருவேன்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்கிற வழக்கம் கிடையாது. அன்று காலை லொறியில் ஏறும்போது எனக்கும் வாய் வரவில்லை, "சரி, வர்றேன்" என்றுதான் சொன்னேன். ஆகவே இங்கே எழுதுகிறேன். பாக்கியம், கலா, மாரியாயி அக்கா, பாத்தி கொடுத்த எல்லோருக்கும், சுனிலுக்கும் நன்றி. என் வேலை உங்களால்தான் மிஞ்சியது. கலா இதைப் போனில் வாசித்துக் காட்டுவாள். "ஊரெல்லாம் படிக்க இதப் போய் எழுதணுமா" என்று பாக்கியம் திட்டுவாள். திட்டட்டும், அழிக்க மாட்டேன்.